சுற்றளவு சரி, பரப்பு எங்கே?

போன மாதம் ஒரு நாள் மாலை. எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் நடக்கும் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் மட்டும் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, முடிச்சிட்டியா?"

"இல்லண்ணா. இது எனக்கு வேணாம். வரைபடமும் வடிவியலும் மட்டும் போட்டுப் பழகு, பாஸாயிடலாம்னு மிஸ் சொல்லிட்டாங்க. பிளஸ் ஒன்ல கணக்கு குரூப் உனக்கெல்லாம் செட்டாகாதுன்னும் சொன்னாங்க."

தோழர்களே, அந்த "உனக்கெல்லாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "உனக்கு" என்று சொல்லியிருந்தால் அது ஒரு மாணவியைப் பற்றிய கருத்து, சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். "எல்லாம்" சேர்ந்தவுடன் அவள் அம்மா, அப்பா, தெரு, அவளுக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்து போனவர்கள் என அத்தனை பேரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். எனக்கும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் சொல்லியிருப்பார்கள்.

அவள் போடாமல் விட்ட கணக்கைப் பார்த்தேன். ஒரு செவ்வக மனையின் சுற்றளவு 140 அடி, பரப்பு 1200 சதுர அடி. நீளம், அகலம் என்ன?

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. எண்கள் உட்பட அந்த மனை எனக்குத் தெரிந்த மனை.

90களின் நடுவில் எங்கள் தெருவில் பத்துக் குடும்பங்களுக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். அதற்காக எங்கள் பெரியவர்கள் மனு எழுதி, நடையாய் நடந்து, மறியல் செய்து, ஆறேழு வருடம் காத்திருந்தார்கள். அளக்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. சர்வேயர் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடன் வந்த ஆள் டேப்பைப் பிடித்துக்கொண்டு மனையைச் சுற்றி வந்தார். எங்கள் ஆட்கள் யாரும் டேப்பைத் தொடவில்லை. தொடு என்று யாரும் சொல்லவுமில்லை.

"சுத்தி நூத்தி நாப்பது அடி வருதுப்பா. பேப்பர்ல ஆயிரத்து இருநூறு சதுர அடி. எல்லாம் கரெக்டா இருக்கு. கையெழுத்துப் போடு."

அப்பா "சரிங்க சார்" என்றார். அவருக்குத் தன் பெயர் எழுதத் தெரியும். எழுதினார். 1200 சதுர அடி என்றால் ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ட். அதுவரை அடுத்தவன் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த எங்களுக்கு அது பெரிய இடம். அன்று இரவு அம்மா கறிக்குழம்பு வைத்தார்.

இரண்டு வருடம் கழித்துப் பத்தாம் வகுப்பில் நான் இருபடிச் சமன்பாடு படித்தபோது, வாத்தியார் போட்ட பயிற்சிக் கணக்கில் சுற்றளவும் பரப்பும் வந்தன. எனக்கு எங்கள் மனை நினைவுக்கு வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதன் எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். அதை இங்கே முழுதாக எழுதுகிறேன், நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலத்தை அ என்றும் நீளத்தை ந என்றும் வைத்துக்கொள்வோம். சுற்றளவு 140 என்றால் ஒரு நீளமும் ஒரு அகலமும் சேர்ந்து 70.

அ + ந = 70
அ × ந = 1200

முதல் சமன்பாடு நேரியது. வரைந்தால் நேர்கோடு வரும். இரண்டாவதில் தெரியாத இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கிக் கிடக்கின்றன. அது நேரியது அல்ல, வரைந்தால் வளைந்த கோடுதான் வரும். இந்தப் பெண் இங்கேதான் மாட்டிக்கொண்டாள். இரண்டு நேரிய சமன்பாடுகள் என்றால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஒரு மாறியை நீக்கிவிடலாம். அதே பழக்கத்தில் இதையும் கழித்துப் பார்த்திருக்கிறாள், ஒன்றும் நீங்கவில்லை. உடனே "எனக்கு வராது" என்று முடிவு செய்துவிட்டாள். அவள் பயன்படுத்திய கருவி இந்த வேலைக்கானது இல்லை, அவ்வளவுதான். கையில் அரிவாள் இருக்கிறதே என்று அதை வைத்துக் கிணறு தோண்ட மாட்டோம்.

இங்கே பிரதியிட வேண்டும். எளிய சமன்பாட்டில் ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதைக் கடினமான சமன்பாட்டுக்குள் வைப்பதுதான் பிரதியிடுதல். முதல் சமன்பாட்டிலிருந்து:

ந = 70 − அ

இரண்டாவதில் ந இருக்கும் இடத்தில் இதை வைக்கிறோம்.

அ × (70 − அ) = 1200
70அ − அ² = 1200
அ² − 70அ + 1200 = 0
(அ − 30)(அ − 40) = 0

அ = 30 என்றால் ந = 40. அ = 40 என்றால் ந = 30. எது அகலம் எது நீளம் என்பதைத் தவிர இரண்டும் ஒரே மனைதான். ஆக, சுற்றளவு 140, பரப்பு 1200 என்ற இரண்டும் உண்மையானால் அந்தச் செவ்வகம் 30க்கு 40 ஆகத்தான் இருக்க முடியும். வேறு வழியே இல்லை.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போன பிறகு கிணற்றுக் கயிற்றை எடுத்து, ஸ்கேலால் அடி அடியாக முடிச்சுப் போட்டு மனையை அளந்தேன். முன்பக்கம் 22 அடி. பக்கவாட்டில் 48 அடி. திரும்ப அளந்தேன். மாறவில்லை.

22 + 48 = 70. சுற்றளவு 140 சரி. அன்று டேப் பிடித்தவர் சொன்னதில் பொய் இல்லை.
22 × 48 = 1056. பரப்பு 1200 இல்லை. 144 சதுர அடி குறைகிறது.

144 என்பது 12க்கு 12. ஒரு அறை.

"நேராக 22ஐ 48ஆல் பெருக்கினாலே தெரிந்திருக்குமே, இதற்கு இருபடிச் சமன்பாடு எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெருக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் அன்றும் இருந்தார்கள். ஆனால் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. சுற்றளவைச் சொன்னார்கள், அது சரியாக இருந்தது, அதோடு பேச்சு முடிந்தது. சுற்றளவு சரியாக இருந்தால் பரப்பும் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். கணக்கு போட்ட பிறகுதான் "முன்பக்கம் 30 அல்லது 40 இருந்தாக வேண்டுமே, நம் மனை அவ்வளவு அகலமாகத் தெரியவில்லையே" என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

140 அடிச் சுற்றளவுக்குள் எத்தனை விதமான மனைகள் இருக்கின்றன என்று பாருங்கள். 35க்கு 35 என்றால் 1225 சதுர அடி. 30க்கு 40 என்றால் 1200. 22க்கு 48 என்றால் 1056. 10க்கு 60 என்றால் வெறும் 600. சுற்றி நடந்தால் எல்லாம் ஒரே தூரம்தான். ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் காட்டி "சரியா இருக்கா?" என்று கேட்டால் இதில் எதைக் கொடுத்தாலும் "சரி" என்றுதான் பதில் வரும். இரண்டாவது நிபந்தனையையும் சேர்த்து வைக்கும்போதுதான் விடை ஓரிடத்தில் நிற்கிறது.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். அதே 140 அடிச் சுற்றளவில் 1300 சதுர அடி தருகிறோம் என்று யாராவது சொன்னால்? சமன்பாடு அ² − 70அ + 1300 = 0 என்று வரும். தன்மைக்காட்டி 70² − 4 × 1300, அதாவது 4900 − 5200 = −300. குறை எண். மெய்யான தீர்வு கிடையாது. அப்படி ஒரு செவ்வகம் பூமியிலேயே இல்லை. சொன்னவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் இல்லைதான்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் நோட்டையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மற்ற ஒன்பது மனைகளையும் அளக்கச் சொன்னார். பத்தும் அதே அளவு. மொத்தம் 1440 சதுர அடி குறைந்தது. எங்கள் பட்டாக் கணக்கில் அது ஒரு முழு மனைக்கும் மேல். எங்கள் சித்தப்பா பதினோராவது ஆளாக மனு கொடுத்திருந்தார். "இடம் இல்லை" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வரிசையின் கடைசியில் இருந்த நிலத்துக்காரரின் வேலி மட்டும் தாராளமாக நின்றது.

மனு கொடுத்தோம். மறு அளவைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். "கல் நட்டாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு, இப்ப வந்து என்ன" என்றார்கள். அந்த இடம் இன்றுவரை வரவில்லை. சித்தப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். கணக்குப் போட்டதும் நீதி கிடைத்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

ஆனால் சில வருடம் கழித்துப் பக்கத்துக் காலனிக்கு மனை அளக்க வந்தபோது எங்கள் அப்பாவும் இன்னும் நான்கு பேரும் அங்கே போய் நின்றார்கள். டேப்பின் மறுமுனையை அப்பா பிடித்தார். "சுத்தளவு வேணாம் சார், நீளம் எவ்ளோ அகலம் எவ்ளோன்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் ஒரு அடிகூடக் குறையவில்லை.

நிலத்துக்கும் நமக்கும் இடையில் எப்போதும் ஒரு தாள் இருந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமி நிலங்களை ஒதுக்க ஆணையிட்டது. அந்த நிலங்களை மற்ற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை இருந்தும் நிலம் எப்படிக் கை மாறியது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். அடியும் மிதியும் மிரட்டலும் நடந்தன. அதோடு, படிக்கத் தெரியாத தாளில் வைத்த கைநாட்டும் நடந்தது.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி நாட்களில் நடந்த ஒன்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடக் கூப்பிட்டார். வகுப்பே அலறியது. காரணம், சாதி இந்துப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் பலகையைத் தொடுவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை அப்புறப்படுத்தினார்கள். டப்பாக்களை நகர்த்தும்வரை கணக்கு காத்திருந்தது. இன்று கரும்பலகைக்குப் பின்னால் டப்பா இல்லை. அதற்குப் பதில் "வரைபடமும் வடிவியலும் போதும்" என்ற பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலால் தேறியவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் சில பிள்ளைகளைத் தேற வைக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். யார் கையில் அது முதலில் கொடுக்கப்படுகிறது, எந்தத் தெருப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்காமலேயே கொடுக்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் பாப் மோசஸ் என்று ஒரு கறுப்பினப் போராளி இருந்தார். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய ஊர் ஊராகப் போனவர். அடிபட்டவர், சிறை சென்றவர். எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்றை வைத்து அங்கே கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே மோசஸ் 1982இல் இயற்கணிதத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கி, 2021இல் இறக்கும்வரை அதற்காக வேலை செய்தார். மகள் படித்த பள்ளியில் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுக்கப் போனதில் தொடங்கிய வேலை அது. எந்தப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லித் தருவது, எந்தப் பிள்ளைகளை அதற்கு முன்பே திருப்பி அனுப்புவது என்ற தேர்வு நிறத்தையும் வறுமையையும் ஒட்டி நடப்பதை அவர் பார்த்தார். அன்று எழுத்தறிவு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் இன்று கணித அறிவு இருக்கிறது, அதனால் இயற்கணிதம் ஒரு குடியுரிமைப் பிரச்சினை என்பது அவர் வாதம். இயக்க வேலை வேறு, கணக்குச் சொல்லித் தருவது வேறு என்று நினைக்கும் தோழர்கள் அவரைப் பற்றித் தேடிப் படியுங்கள்.

அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன். மனைக் கதையை அவளுக்குச் சொன்னேன். நோட்டைத் திறந்தாள். பிரதியிட்டு, காரணிப்படுத்தி, 30, 40 என்று எழுதினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொன்று கொடுத்தேன். இதில் அ, ந மனையின் அளவுகள் இல்லை, வெறும் எண்கள். குறை எண்ணும் வரலாம்.

அ² + ந² = 25
ந = அ + 1

பிரதியிட்டாள். அ² + (அ + 1)² = 25. விரித்துச் சுருக்கினால் அ² + அ − 12 = 0. அ = 3 அல்லது அ = −4. இதுவரை சரி. அடுத்து அ = 3 என்பதை முதல் சமன்பாட்டில் வைத்து ந² = 16, ஆகவே ந = 4 அல்லது −4 என்று எழுதினாள். அ = −4க்கும் அதேபோல 3, −3. மொத்தம் நான்கு விடைகள்.

"எல்லாத்தையும் ரெண்டு சமன்பாட்டுலயும் வச்சுப் பாரும்மா" என்றேன்.

வைத்துப் பார்த்தாள். அ = 3, ந = −4 முதல் சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது. இரண்டாவதற்குப் பொருந்தவில்லை. மூன்றோடு ஒன்று கூட்டினால் மைனஸ் நான்கு வராது. அதேபோல −4, 3 ஜோடியும் போனது. மிஞ்சியது (3, 4), (−4, −3) இரண்டு மட்டும். எளிய சமன்பாட்டுக்கே திரும்பிப் போய் ந கண்டுபிடித்திருந்தால் அந்தப் போலி விடைகள் வந்திருக்கவே வராது என்பதை அவளே சொன்னாள். நான் சொல்லவில்லை.

பிறகு ஒன்று கேட்டாள். "அப்ப உங்க மனையும் இப்படித்தானேண்ணா? ஒண்ணுல சரியா வந்துச்சு, இன்னொண்ணுல வச்சுப் பாக்கல."

ஆமாம் என்றேன். முப்பது வருடமாக நான் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் அம்மா வந்து என்னைப் பார்த்தார். "கணக்கு குரூப்புதான் வேணும்னு நிக்கிறா தம்பி. முடியுமா அவளால?" என்று கேட்டார். முடியும் என்று வாக்குக் கொடுக்க நான் யார்? "உழைக்கணும்கா. நாங்க கூட இருக்கோம். வேணாம்னு அவ முடிவு பண்ணா அது வேற. அடுத்தவங்க சொல்லி வேணாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கல்லூரியில் படிக்கிற, வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடுகிறோம், போடுவோம். அதோடு வாரத்தில் இரண்டு மாலை உங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் கணிதப் பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. பாடப்புத்தகம் இருக்கிறது, தெரியாததைச் சேர்ந்து படிக்கலாம். "இது உனக்கு வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் ஊரில் அடுத்த முறை மனை அளக்க வரும்போது டேப்பின் மறுமுனையை அந்தப் பிள்ளை பிடிக்கட்டும்.

ஜெய்பீம்.